மூன்றாம் நம்பர் போன்

கிளியருவியில் சைரன் அலறியபோது சுமார் முந்நூறு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் எண்ணெயும் கண்ணில் சீயக்காயுமாக அத்தனை பேரும் விழுந்தடித்துப் படியேறி ஓடினார்கள். அவசரத்தில் ஒருவர் தன் பிள்ளை என்று நினைத்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கார் நிற்கும் இடம்வரை போய்விட்டார். அது மலையாளத்தில் அழுத பிறகுதான் திரும்பி வந்தார்.

வெள்ளம் வரவில்லை. அருவி அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

அரை மணி நேரம் கழித்து, தென்காசி கூலக்கடை பஜாரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்திக்கு போன் வந்தது. அழைத்தவர் சிவனணைந்தபெருமாள். கீழப்பாவூர்க்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், கிளியருவிக் கரை வியாபாரிகள் சங்கத்தின் தலைவர்.

"தம்பி, வெள்ளம் எங்கன இருக்கு? நானும் அரை மணி நேரமா தேடுதேன், காணல" என்றார்.

மந்திரமூர்த்திக்குக் காது சிவந்துவிட்டது. அந்த சைரனை ஊத வைக்கும் ஆப்பை எழுதியவன் அவன்தான்.

குற்றாலத்தில் மற்ற அருவிகளோடு ஒப்பிட்டால் கிளியருவி சின்னது. மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டால் அந்தக் கூட்டமெல்லாம் இங்கே திரும்பும். மலையில் மழை பெய்து திடீரென்று தண்ணீர் கூடினால் ஆட்களை வெளியேற்ற, போன வருடம்வரை சுபேதார் விசில்தான் ஊதிக்கொண்டிருந்தார். அருவி இரைச்சலில் அந்த விசில் அவருக்கே கேட்காது. மந்திரமூர்த்திதான் போய்ப் பேசி, கம்பத்தில் சைரன் கட்ட வைத்தான். கரையில் மூன்று பேர் கையில் மூன்று போன். மேலே பாறையில் காவலுக்கு டீக்கடை முகம்மது யூசுப், ஆண்கள் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடும் குத்தாலிங்கம், பெண்கள் பக்கம் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் வள்ளித்தாய். மூவரில் யார் தண்ணீர் மாறுவதைப் பார்த்தாலும் திரையில் இருக்கும் சிவப்பு வட்டத்தை ஒரு தட்டு தட்டினால் போதும், சைரன் ஊதும். ஊதினால் கால் மணி நேரம் அருவியில் ஒருவரும் நிற்கக் கூடாது. சுபேதார் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் மறுபடி குளியல்.

மந்திரமூர்த்தி பத்து வருடமாக ஆப் எழுதுகிறவன். ஒரே புரோகிராமை எழுதி ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஓட வைப்பது அவன் வேலை. அதிலும் விரல் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது அவனுடைய அசைக்க முடியாத எண்ணம். ஓரளவு உண்மையும்கூட. கண்ணாடித் திரைக்கு விரல் தெரியாது. எங்கே தொட்டது, எப்போது தொட்டது, எவ்வளவு நகர்ந்தது, எப்போது விட்டது, இவ்வளவுதான் தெரியும். தொட்டவர் தட்டுகிறாரா, அழுத்திப் பிடிக்கிறாரா, தள்ளுகிறாரா என்பதை எழுதுகிறவன்தான் தீர்மானிக்க வேண்டும். அதே விரலை ஆண்ட்ராய்டு ஒரு விதமாகப் பார்க்கும், ஐபோன் இன்னொரு விதமாகப் பார்க்கும். இரண்டையும் சமாதானம் பண்ணிவைக்கத் தெரியாமல் சென்னையில் இருக்கிற பெரிய பெரிய ஆட்களே அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அலுவலகத்தில் அவனுக்குக் கைரேகைக்காரன் என்று பெயர்.

ஆனால் இதுவரை அவன் எழுதியதெல்லாம் எங்கோ இருக்கிற ஆட்களுக்கு. சொந்த ஊர்க்காரர்கள் தொட்டுப் பார்க்கிற முதல் ஆப் இது. சீசன் தொடங்கியதிலிருந்து பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் கிளியருவி சைரனைப் பற்றிப் பேச்செடுத்து, கடைசியில் "அது நம்ம செஞ்சதுதான்" என்று முடித்துக்கொண்டிருந்தான். அந்த சைரன்தான் இப்போது வராத வெள்ளத்துக்கு ஊதியிருந்தது.

உடனே பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனான். வழியெல்லாம் சாரல். ஆப்பில் ஒவ்வொரு தொடுகையும் பதிவாகும்படி எழுதியிருந்தான். திறந்து பார்த்தான். ஊதியது மூன்றாம் நம்பர் போன். ஒரே ஒரு தட்டு. அந்த நிமிடமே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெண்கள் பக்கம்தான் திவலை அதிகம் தெறிக்கும் இடம்.

வள்ளித்தாயிடம் போனான். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் துடைப்பம் இருக்கும். காலையில் ஆறு மணிக்கு வந்தால் இருட்டும்வரை அந்த ஈரத்தரையை விட்டு நகர முடியாத வேலை.

"போன் நனைஞ்சிருந்துச்சாம்மா?" என்று கேட்டான்.

"நனைஞ்சுதான் இருந்துச்சு சார்" என்றாள்.

போதும். சுபேதாரிடம் வந்து விளக்கினான். மழைத்துளி கண்ணாடியில் விழுந்தால் சில சமயம் போன் அதை விரல் என்று நினைத்துக்கொள்ளும், தப்பு துளியின் மேல்தான், இருந்தாலும் தானே சரிசெய்துவிடுவதாகச் சொன்னான். இனிமேல் தட்டினால் ஊதாது. இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால்தான் ஊதும். எந்தத் துளியும் இரண்டு விநாடி ஒரே இடத்தில் நிற்காது. சுபேதார் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே மூன்று போனிலும் புது ஆப் ஏறியது.

துளிக்குப் பிடித்து நிற்கத் தெரியாதது உண்மைதான். அதைவிட, குத்தாலிங்கத்துக்குத் தெரியாது. முப்பது வருடமாக ஆட்களின் முதுகில் எண்ணெய் தேய்த்து வழித்த கை அது. ஓரிடத்தில் நிற்பது என்பதை அந்த விரல்கள் கேள்விப்பட்டதே இல்லை. சிவப்பு வட்டத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு திரையின் மூலைக்குப் போய்விடும். ஒத்திகையில் பத்து தடவை முயன்றார், சைரன் முனகக்கூட இல்லை. "மெத்துனு இருந்தா நிக்கும் சார், இது கண்ணாடில்லா" என்றார்.

மந்திரமூர்த்தி அசரவில்லை. பிடித்திருக்கும்போது விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் பரவாயில்லை என்று புரோகிராமைத் தளர்த்தினான். குத்தாலிங்கத்தின் விரல் எவ்வளவு வழுக்குகிறது என்பதை அளந்தே தளர்த்தினான். சைரன் ஊதியது. குத்தாலிங்கம் மகிழ்ச்சியில் அவன் தலையில் ஒரு கை எண்ணெயை வைத்து அழுத்திவிட்டார்.

மறுநாள் நண்பகலில், குளித்தவர்கள் அத்தனை பேரும் மறுபடி படியேறி ஓடினார்கள்.

மூன்றாம் நம்பர் போன். இரண்டே கால் விநாடி அழுத்தம். அவர்களோடு குளித்துக்கொண்டிருந்த மந்திரமூர்த்தி தலை துவட்டக்கூட நிற்காமல் வள்ளித்தாயிடம் ஓடினான். போனை அவள் ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அவனுக்கு மறுபடியும் விளங்கிவிட்டது.

"இந்தப் பை ஈரத்துல போனோட ஒட்டிக்கிடுமோ?"

"ஒட்டிக்கிடும் சார்."

"குனிஞ்சு கூட்டும்போது நெஞ்சோட சேர்ந்து அழுந்துமா?"

"அழுந்தும் சார்."

ஈரப் பை அழுத்தியிருக்கிறது, குத்தாலிங்கத்துக்காகத் தளர்த்தியது பைக்கும் சலுகையாகப் போய்விட்டது. சுபேதாரிடம் இதை அவன் விளக்கி முடித்தபோது அவர், குத்தாலிங்கத்தைச் சரிசெய்தால் பை ஊதுகிறது, பையைச் சரிசெய்தால் குத்தாலிங்கம் ஊத மாட்டார், அப்படித்தானே என்று சுருக்கமாகக் கேட்டார். அப்படித்தான். ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தான்.

அந்த வழி, தள்ளுவது. திரையில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தால்தான் சைரன். பை அழுத்தும், இழுக்காது. குத்தாலிங்கத்தின் விரலோ இழுக்கவே பிறந்தது. மூன்றாம் நம்பர் போனின் மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டதால், அந்த ஆண்ட்ராய்டு போனை வாங்கிக்கொண்டு, அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருந்த ஐபோனை வள்ளித்தாயிடம் கொடுத்தான். ஐபோனில் திரையின் இடது விளிம்பிலிருந்து இழுத்தால் ஆப் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே விளிம்பைத் தொடாமல் ஒரு விரல்கடை உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும் என்று அவளுக்குப் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தான். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது அவனுக்கு. சொல்லிக்கொடுக்கிற விதத்தில் சொல்லிக்கொடுத்தால் யாருக்குத்தான் வராது.

அடுத்த நாள் சைரன் இரண்டு தடவை ஊதியது.

முதல் தடவை குத்தாலிங்கம். மணி என்ன என்று பார்க்கப் போனை எடுத்திருக்கிறார். எண்ணெய் விரல் திரையில் பட்டதும் தானாக வழுக்கி, இடமிருந்து வலமாக அழகாக ஒரு இழுப்பு. "பன்னெண்டு பத்து சார்" என்று மணியையும் சேர்த்தே சொன்னார். ஓடிப்போன கூட்டம் திரும்பி வந்து உடம்பை நனைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டாவது தடவை. மூன்றாம் நம்பர்.

மந்திரமூர்த்தி வள்ளித்தாயிடம் நடந்தான். இப்போது ஓடவில்லை.

"போனைத் துடைச்சியளா?"

"துடைச்சேன் சார். ஈரமா இருந்துச்சுல்லா."

துணியோடு விரல் இழுத்திருக்கிறது. காரணம் கிடைத்தது. ஆனால் சுபேதார் இந்த முறை காரணம் கேட்க வரவில்லை. ஒரே நாளில் இரண்டு முறை ஓடவைக்கப்பட்ட பாவூர்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன்கடைக்காரர் ஒருவர் ஈரவேட்டியோடு அவரைப் பிடித்துக்கொண்டு, குளிக்க வந்தோமா ஓட்டப்பந்தயத்துக்கு வந்தோமா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். சுபேதார் சட்டைப்பையிலிருந்து மூன்று புது விசில்களை எடுத்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்க்க வருகிறார், அவர் முன்னால் சைரன் ஒழுங்காக நடந்தால் சைரன், இல்லாவிட்டால் விசில் என்றார்.

மந்திரமூர்த்தி அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது தட்டில் சாம்பாரை விரலால் வட்டமாக இழுத்துக்கொண்டே இருந்தான். அவன் மனைவி ஆனந்தவள்ளி, சோறு வேண்டாமென்றால் சொல்லிவிடலாமே என்றாள். அவன் எழுந்து போய்க் கணினியைத் திறந்தான்.

வட்டம். தண்ணீர் தட்டும், பை அழுத்தும், துணி இழுக்கும். ஆனால் எந்தத் துளியும் எந்தப் பையும் எந்தத் துணியும் ஒரு முழு வட்டம் போட்டு, கையை எடுத்து, அதன் நடுவில் ஒரு தட்டு தட்டாது. அதற்கு மனித மூளை வேண்டும். வட்டம் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் சரி, வலம் வந்தாலும் இடம் வந்தாலும் சரி, இடது கைக்காரர் போட்டாலும் சரி. தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும், கோணல் அளவோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் உட்கார்ந்து, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஓட வைத்தான். பத்து வருடத்தில் இவ்வளவு சுத்தமாக எதையும் எழுதியதில்லை. எழுதி முடித்ததைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சைரன் ஊதவே இல்லை. மெயின் அருவியில் தடையை எடுத்துவிட்டதால் கூட்டமெல்லாம் அங்கே போய்விட, கிளியருவியில் நாற்பது ஐம்பது பேர்தான். அவர்கள் நிம்மதியாகக் குளித்தார்கள். மந்திரமூர்த்தி அலுவலகத்து ஆட்களையெல்லாம் புளியறைக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக்கொடுத்தான். சாப்பிட்டு முடிகிறவரை வட்டத்தைப் பற்றித்தான் பேசினான்.

ஞாயிற்றுக்கிழமை மெயின் அருவியில் மறுபடி தடை. கிளியருவியில் கால் வைக்க இடமில்லை. பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். சுபேதார் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். ஒத்திகைக்காக சைரன் இணைப்பைக் கழற்றி, ஊதுவதற்குப் பதில் திரையில் பச்சை விளக்கு எரியும்படி முதல் இரண்டு போன்களில் மட்டும் மாற்றி வைத்திருந்தான் மந்திரமூர்த்தி. பாறைக் காவலில் இருந்த யூசுப்பையும் கீழே வரச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்ததால் வள்ளித்தாயை மட்டும் அழைக்கவில்லை.

முதலில் குத்தாலிங்கம். அவர் போட்ட வட்டம் புடலங்காய் மாதிரி வந்தது. இரண்டாவது இன்னும் நீளமாக வந்தது. ஐந்து முறை போட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. யூசுப் மூன்றாவது முறையில் போட்டுவிட்டார். ஆனால் நடுவில் தட்ட மறந்துவிட்டார். அதிகாரி ஆசையாகத் தானே ஒன்று போட்டுப் பார்த்தார். அதுவும் சேரவில்லை. கடைசியாக சுபேதார் போட்டார். பட்டாளத்துக் கை, நாலு மூலையும் கச்சிதமாக ஒரு சதுரம் விழுந்தது.

சுபேதார் மந்திரமூர்த்தியின் தோளில் கையை வைத்தார்.

"தம்பி, நீ கெட்டிக்காரன். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா தண்ணி அடிச்சுக்கிட்டு வரும்போது உக்காந்து படம் வரைய யாருக்குலே நேரம் இருக்கு?"

சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துக் குத்தாலிங்கத்தின் கழுத்தில் மாட்டினார். மந்திரமூர்த்தி கீழே பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீருக்குப் பயந்து பயந்து, கடைசியில் மனிதர்களால் தொட முடியாத ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம் என்று அவனுக்கே தோன்றியது.

அப்போது சைரன் ஊதியது.

அதிகாரி காதைப் பொத்தினார். சுபேதாரின் முகம் கறுத்தது. இரண்டு போனும் அவர்கள் கையில்தான் இருந்தன. மறுபடி மூன்றாம் நம்பர். அதுவும் அதிகாரி நிற்கும்போதே. சுபேதார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து வள்ளித்தாய் படியில் ஏறி வந்தாள். ஒரு கையில் யாருடைய பிள்ளையோ, இன்னொரு கையில் போன்.

"அண்ணாச்சி, மேல தண்ணி கலங்கி வருது, இலையும் செத்தையுமா வருது. ஆம்பளையாள்வள வெளிய ஏத்துங்க."

அவ்வளவுதான். சுபேதார் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். குத்தாலிங்கம் எண்ணெய்க் கையோடு ஆட்களைத் தூக்கினார், பாதிப்பேர் வழுக்கினாலும் மேலே வந்து சேர்ந்தார்கள். அதிகாரி இஸ்திரிச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கிழவரைக் கைபிடித்து ஏற்றினார். மந்திரமூர்த்தி இரண்டு பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். கடைசி ஆள் படியேறிய சிறிது நேரத்தில் பாறைக்கு மேலிருந்து அருவி காப்பி நிறத்தில் இறங்கியது. கூடவே ஒரு முழு மரக்கிளை. ஆட்கள் நின்றிருந்த இடத்தில் அது விழுந்து முறிந்த சத்தம் சைரனையும் மீறிக் கேட்டது.

சுபேதார் ஆட்களைக் குடும்பம் குடும்பமாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒருத்தர்கூடக் குறையவில்லை. காணாமல் போனவை மூன்று துண்டும் ஒரு சோப்புப் பெட்டியும் மட்டும்.

பிறகு அவர் மந்திரமூர்த்தியின் முன்னால் வந்து நின்றார். குதிகாலைச் சேர்த்து, ஈரச் சட்டையோடு, ஒரு முழு சல்யூட் அடித்தார். குத்தாலிங்கத்தின் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தார். கூட்டம் கைதட்டியது. மந்திரமூர்த்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவனும் பதிலுக்கு சல்யூட் அடித்துவிட்டான். தவறான கையால்.

அதிகாரி அவன் கையைக் குலுக்கி, இதை மற்ற அருவிகளுக்கும் கொண்டுபோக எழுதுவதாகச் சொன்னார். மந்திரமூர்த்தி போனைத் திறந்து பதிவைக் காட்டினான். குரல் நிமிர்ந்திருந்தது. மூன்றாம் நம்பர் போன். முழு வட்டம், முக்கால் விநாடி. நடுவில் தட்டு, கால் விநாடி. வட்டம் துளிகூடக் கோணவில்லை. நனைந்த கை, பதறிய நெஞ்சு, எதிரே வெள்ளம், அப்படியும் ஒரே முயற்சியில். இந்தத் திரை அந்த விரலைப் புரிந்துகொண்டிருக்கிறது சார் என்றான். தன் வாழ்க்கையிலேயே இதைவிடப் பெரிய நிமிடம் இனி வரப்போவதில்லை என்று நினைத்தான்.

சுபேதார் எங்கிருந்தோ ஒரு புதுத் துண்டைக் கொண்டுவந்து வள்ளித்தாய்க்குப் போர்த்தினார். அவள் கூச்சத்தோடு ஒதுங்கி நின்றாள். மந்திரமூர்த்தி அவளை எல்லார் முன்னாலும் அழைத்து, இத்தனை நாளில் முதல் முறையாக ஆம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைக் கேட்டான்.

"அதிகாரிக்கே வராத வட்டம்மா இது. அந்தப் பதட்டத்துல உங்களுக்கு மட்டும் எப்படி அவ்வளவு சுளுவா வந்துச்சு?"

வள்ளித்தாய் துண்டின் நுனியைத் திருகினாள்.

"தட்டச் சொன்னிய, தட்டுனேன், பிடிக்கச் சொன்னிய, பிடிச்சேன், தள்ளச் சொன்னிய, தள்ளுனேன், இப்ப வட்டமும் வீட்டுல ரெண்டு நாளா போட்டுப் பழகி வச்சிருந்தேன் சார், எட்டு வருசமா அருவிக்கரையிலயே நிக்கேன், ஒருக்க சைரனை ஊதிக் கூட்டத்த வெளியேத்துனாத்தான எனக்கும் நிம்மதியா ஒரு குளியல் போட முடியுது."